இருபத்தொரு நிமிடம்

பிறருடைய செல்வத்தை அளப்பதற்கென்று நம் ஒவ்வொருவரிடமும் தனியாக ஓர் அளவுகோல் உண்டு. நம்முடைய செல்வத்தை அளக்கும் கோலைவிட அது சற்றுக் குட்டையானது. ஆகையினாலேதான் அடுத்த வீட்டு மதில் எப்போதும் இரண்டு முழம் கூடுதலாகத் தெரிகின்றது. அத்தகைய குட்டைக் கோலொன்றைப் பயணப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நாம் நோர்வே நாட்டுக்குப் புறப்பட்டோம் என்பதை வாசகர்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றோம்.

பயணச்சீட்டு வாங்கி அனுப்பியவர் எமது தமையனார். 1987ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராக, அந்நாட்டின் மக்கள் உயர்பள்ளி ஒன்றிற் படிப்பதற்கென்று ஊரை விட்டுப் போனவர். படிப்பு முடிந்ததும், அக்காலத்தில் அங்கு சென்ற எம்மவர் பலரைப் போலவே, வடகோடியில் உள்ள பின்மார்க் பகுதியில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தலைநகராகிய ஒஸ்லோவுக்கு வந்து குடியேறினார். அவர் போனபோது எமக்கு வயது எட்டு. பின்பு அவர் இருமுறை ஊருக்கு வந்துபோனார். வந்தபோதெல்லாம் வீடு நிறைய விருந்தினர். அண்ணனும் தம்பியும் தனித்திருந்து பேசியதாக ஒரு நாளும் எமது நினைவில் இல்லை.

நாம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், அவர் புதிதாக வாங்கிய காரைப் பொறுப்பேற்பதற்காக எம்மையும் அழைத்துக்கொண்டு விற்பனை நிலையத்துக்குச் சென்றார். ஜேர்மன் நிறுவனம் ஒன்றின் மின்சாரக் கார் அது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். எஸ்.யூ.வி. என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. நம்மூரார் பார்த்தால் ஜீப் என்பார்கள். நல்ல உயரம், உள்ளே மெத்தென்ற தோல் இருக்கைகள், சாரதிக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடித் திரை. எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தைத் திறந்து காட்டினார்கள். அங்கே பயணப் பை வைப்பதற்கான சிறு பெட்டி இருந்தது. விற்பனையாளர் மிகுந்த மரியாதையோடு விளக்கம் கூறினார். தமையனார் எமக்கு அதைத் தமிழாக்கினார். பற்றரி 800 வோல்ற்று வகையைச் சேர்ந்தது. விரைவு மின்னேற்று நிலையத்திற் கொடுத்தால், பத்து வீதத்திலிருந்து எண்பது வீதத்துக்கு ஏறுவதற்கு இருபத்தொரு நிமிடம் போதும். “ஒரு கோப்பி குடிக்கும் நேரம்” என்று விற்பனையாளர் சிரித்தார்.

விலையைக் கேட்டோம். எட்டு இலட்சம் குரோனருக்குக் கிட்ட என்றார் தமையனார். மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தோம். இரண்டு கோடியைத் தாண்டியது. ஆசிரியர் ஒருவர் தம் ஆயுள் முழுவதும் பெறும் சம்பளத்தை ஒரு தட்டிலும் அக்காரை மறு தட்டிலும் வைத்தால் தராசு எப்பக்கம் சாயும் என்பது கணிதம் தெரிந்தவர்க்கு விளங்கும். நமது குட்டைக் கோல் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ‘இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இவ்வளவு பெரிய வாகனம் எதற்கு?’ என்று எண்ணினோம். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்நாட்டில் மின்சாரக் கார் வாங்குவது புதுமையன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2024இல் அங்கு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 89 வரை முற்றிலும் மின்சாரத்தால் ஓடுபவை. இந்த மாற்றத்தின் தொடக்கம் சுவையானது. 1989ஆம் ஆண்டில் ‘ஆஹா’ என்ற புகழ்பெற்ற இசைக்குழுவினரும் ‘பெல்லோனா’ என்ற சூழல் அமைப்பினரும், மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றப்பட்ட சின்னஞ்சிறு கார் ஒன்றை நாட்டுக்குள் கொண்டுவந்து, வீதிச் சுங்கம் செலுத்த மறுத்து ஓட்டினார்கள். அதிகாரிகள் காரைப் பறித்து ஏலத்தில் விட்டார்கள். அவர்கள் தரப்பினரே அதனை ஏலத்தில் எடுத்து மீண்டும் ஓட்டினார்கள். 1990இல் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி நீங்கியது. 2001இல் பெறுமதி சேர் வரியும் நீங்கியது. 2023இல், விலையில் ஐந்து இலட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 25 வரி வந்தது. தமையனாரின் கார் அவ்வெல்லையைக் கடந்தது. “வரியும் கட்டித்தான் வாங்கினனான்” என்றார் அவர். அது பெருமையா, பெருமூச்சா என்று எமக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரத்து உறவினரைக் காண்பதற்காக அக்காரிலேயே புறப்பட்டோம். அண்ணியார் பிட்டும் சம்பலும் கட்டித் தந்துவிட்டு வீட்டில் நின்றுகொண்டார். காலை எட்டு மணி. அந்த மாதத்தில் அங்கு பொழுது புலர ஒன்பது மணிக்கு மேலாகும். இருளிலே தொடங்கிய பயணம் ஹாலிங்டால் பள்ளத்தாக்கு வழியே மெல்ல மலையேறிற்று. வெளியே உறைநிலைக்குக் கீழ்ப் பதினாறு பாகை. உள்ளே சித்திரை மாதத்துச் சூடு. இக்காருக்கு இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லாத காரில் இருவர் பேசாதிருந்தால் அந்தப் பேசாமை மிகவும் உரக்கக் கேட்கின்றது.

வீட்டிலிருந்து எண்பது வீத மின்னேற்றத்தோடு புறப்பட்டோம். குளிரும் ஏற்றமும் அதனைக் குடித்துக்கொண்டே வந்தன. ஏறத்தாழ 240 கிலோமீற்றர் கடந்து கெய்லோ என்ற மலைநகரை அடைந்தபோது பன்னிரண்டு வீதமே மீதியிருந்தது. விரைவு மின்னேற்று நிலையத்தில் வரிசையாகக் கம்பங்கள் நின்றன. தமையனார் இறங்கி, தடித்த வடத்தை எடுத்துக் காரிலே பொருத்திவிட்டு வந்து அமர்ந்தார். “இப்ப பார், இருபத்தொரு நிமிஷம்” என்றார்.

திரையைப் பார்த்தோம். 270 கிலோவாற்று வரை வாங்கக்கூடிய கார் எழுபதைத் தாண்டாமல் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போயிற்று. தமையனாரின் முகம் சுருங்கியது. கைப்பேசியை எடுத்து எதையோ வாசித்தார். பின்பு தலையில் அடித்துக்கொண்டார். பிழை காரிலும் இல்லை, கம்பத்திலும் இல்லை. மின்னேற்றப் போகும் இடத்தைக் காரின் வழிகாட்டியில் முன்னதாகக் குறித்திருந்தால், கார் தானாகவே பற்றரியைச் சூடேற்றி ஆயத்தமாக வைத்திருக்கும். வழி தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் அவர் அதைக் குறிக்கவில்லை.

பௌதிகவியல் ஆசிரியர் வாய்மூடி இருப்பாரா? விளக்கம் சொன்னோம். மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் ஒரு மின்வாயிலிருந்து புறப்பட்டு, மறு மின்வாயாகிய காரியத்தின் படைகளுக்குள் நுழைந்து அமரவேண்டும். குளிர் மிகுந்தால் அவற்றின் நடை தளர்கின்றது. அவ்வேளையில் வலிந்து திணித்தால், அவை உள்ளே புகாமல் மேற்பரப்பிலே உலோகமாகப் படிந்து பற்றரியைக் கெடுத்துவிடும். ஆகையால் கார் தன்னைத்தானே காத்துக்கொண்டு குறைவாக வாங்குகிறது. எண்பது வீதத்துக்கு மேலே வேகம் குறைவதற்கும் காரணம் இதை ஒத்ததே. இருக்கைகள் நிரம்பிய மண்டபத்தில் கடைசியாக வருபவர் இடம் தேடி அலைவதைப் போன்றது அது.

சொல்லிக்கொண்டிருக்கையிலேயே எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன்டா சிரிக்கிறாய்?” என்றார். “ஐயா இருந்தால் ஏசியிருப்பார், அண்ணை. குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் காட்டாதை எண்டு” என்றோம்.

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்க நியாயமில்லை, அவர் ஊரை விட்டது 1987இல். எமது தந்தையார் வாடகைக்குக் கார் ஓட்டியவர். அவரிடம் இருந்தது ஓர் ஒஸ்ரின் ஏ 40. ஊரார் வாயில் ‘ஏ போட்டி’. 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை என்றாயிற்று. கிடைத்த பெற்றோல் போத்தற் கணக்கில், கொள்ளை விலையில். ஆயினும் கார்கள் ஓடின, மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் சரிவர ஆவியாகாது. எனவே முதலிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, அதன் பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அச்சில துளிகளுக்காகத் தந்தையார் ஒரு சிறு மருந்துக் குப்பியைச் சட்டைப்பையிலே வைத்திருப்பார். அந்தக் குப்பியின் பலத்தால் நடுச்சாமத்தில் ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கின்றார்கள்.

தமையனார் கண் கொட்டாமல் கேட்டார். பின்பு, “ஐயாவைக் கொண்டுபோனதும் அந்தக் காரிலதானே?” என்றார்.

முப்பது ஆண்டுகளாக அவர் கேளாத கேள்வி; நாமும் சொல்லாத செய்தி. 1994ஆம் ஆண்டில் ஓர் இரவு தந்தையாருக்கு நெஞ்சு நோவு கண்டது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து காரை இயக்க முயன்றார். குப்பி இல்லை. முதல்நாள் மாலை, பிள்ளைப்பேற்று வலியோடிருந்த பெண்ணொருத்தியை ஏற்றிப்போக வேண்டியிருந்த வேறொரு சாரதிக்கு அதனைத் தந்தையார் கொடுத்திருந்தார். ஒழுங்கையிலே காரைத் தள்ளினோம். எமக்கு வயது பதினைந்து. தள்ளித் தள்ளி, இருபது நிமிடத்துக்கு மேலான பின்பே அது இருமிக்கொண்டு உயிர் பெற்றது. ஆசுப்பத்திரியில் இரண்டாம் நாள் தந்தையார் காலமானார். அந்த இருபது நிமிடம் ஒரு பொருட்டா, இல்லையா என்று வைத்தியர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

தமையனார் முன்கண்ணாடிக்கு அப்பால் வெண்பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக் கடிதம் வரேக்க நாற்பது நாள் முடிஞ்சுது. அடுத்த நாளும் வேலைக்குப் போனனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் அழவேணும், மீன் வெட்டுற இடத்தில அழ ஏலாது” என்றார். சற்றுப் பொறுத்து, “கார் கொட்டிலுக்க கிடக்குத்தானே? ஓய்வெடுத்திட்டு வந்து திருத்துவம்” என்றார்.

இதுவே நாம் அஞ்சியிருந்த வார்த்தை. ஊருக்கு வந்த காலத்திலும் அவர் இதையே சொல்லிப் போனார். 2022ஆம் ஆண்டில் நாடு பட்ட பாட்டை வாசகர்கள் அறிவார்கள். பெற்றோல் வரிசையில் பகலும் இரவும் நின்றோம். மாதச் சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்தது. தமையனாருக்கு ஒரு சொல் எழுதியிருந்தால் பணம் வந்திருக்கும். எழுதவில்லை. எமது படிப்பும் பதவியும் எழுத விடவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள், பழைய இரும்பு வாங்குபவனைக் கூப்பிட்டு ஏ போட்டியை இழுத்துப்போகச் சொன்னோம்.

“அண்ணை, அதை வித்துப்போட்டன்” என்றோம்.

அவர் திரும்பிப் பார்த்தார். “என்ன விலைக்கு?” என்றார். சொன்னோம். “நல்லாய் ஏமாத்திப்போட்டாங்கள்” என்றார். இருவரும் நெடுநேரம் வாய்திறக்கவில்லை. பின்பு, “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தம்பி” என்றார். “வெக்கமாய்க் கிடந்தது” என்றோம். “அண்ணனிட்டயோ?” என்றார். அதற்கு விடையில்லை.

வடத்தைக் கழற்றும் நேரம் வந்தது. அவர் இறங்கியதை அன்றுதான் கவனித்துப் பார்த்தோம். முதலில் ஒரு கையால் கதவைப் பிடித்தார். மறு கையை இடுப்பில் ஊன்றினார். பின்பு நேராக, குனியாமல், உயரமான இருக்கையிலிருந்து நிலத்திலே காலை வைத்தார். நாம் பார்ப்பதைக் கண்டுகொண்டு, “பதினொரு வருஷம் ஈரத்தில நிண்டு வேலை செய்த முதுகு. பதிஞ்ச காருக்குள்ள இறங்கினால் பிறகு எழும்ப ஏலாது. இந்த உயரத்துக்குத்தான் இவ்வளவு காசு. ஏழு வருஷக் கடன்” என்றார். ஐம்பத்தேழு வயதில் ஏழு வருடக் கடன். விற்பனை நிலையத்திலே நாம் தோல் இருக்கையைப் பார்த்தோம், திரையைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம். அவர் ஏறி இறங்குவதைப் பார்க்கவில்லை. அளவுகோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம்.

திரையிலே கணக்கு வந்திருந்தது. ஐம்பது நிமிடம், 65 கிலோவாற்று மணி. நம்மூர் மின்பட்டியலின் மொழியில் 65 யூனிற்.

கார் மீண்டும் மலையேறுகையில் எமது மனம் ஒரு கணக்கைப் போட்டது. யாழ்ப்பாணத்தின் அவ்விருண்ட ஆண்டுகளில், வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தோம். சுற்றியது நாம், கேட்டவர் தந்தையார். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். அந்த டைனமோவின் வலு மூன்று வாற்று. அதைக்கொண்டு 65 யூனிற் மின்சாரத்தைச் சேர்ப்பதானால், இரவும் பகலும் ஓயாமல் ஏறத்தாழ 900 நாள் சுற்றவேண்டும். இரண்டரை ஆண்டு! அதனை இந்த இயந்திரம் ஐம்பது நிமிடத்தில் ஊற்றிவிட்டது. முறைப்படி செய்திருந்தால் அதிற் பாதி நேரமும் ஆகாது.

ஆனால் உண்மையில் ஐம்பது நிமிடமா? ஹார்டாங்கர் மேட்டுநிலத்தைக் கடந்து இறங்கும் வழியில், வீதிக்கு அண்மையில் சீசன் அணைக்கட்டைத் தமையனார் காட்டினார். கல்லடுக்கிக் கட்டிய பெரும் அணை அது. 1980ஆம் ஆண்டளவில் முடிந்தது. அந்நாட்டு மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து பெறப்படுகிறது. மாரி முழுவதும் விழும் பனி, வெயிற் காலத்தில் உருகித் துளித்துளியாக இத்தகைய தேக்கங்களிற் சேர்கின்றது. பின்பு மலைக்குடைவுகளின் வழியே வீழ்ந்து சுழலியைச் சுற்றுகின்றது. அங்கே சேர்த்துவைக்கப்பட்ட பல மாதங்கள்தாம் இங்கே சில நிமிடங்களாக வடத்தின் வழியே வருகின்றன. விரைவென்று நாம் வியப்பதற்குப் பின்னாலே எவரோ, எதுவோ நெடுங்காலம் மெல்ல மெல்லச் சேர்த்த ஒன்று இருக்கின்றது. தமையனாரின் காரும் அப்படியே. அதனை ஒரு நாளில் வாங்கினார்; முப்பத்தேழு ஆண்டுகளாகச் சேர்த்தார்.

பேர்கன் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே போனோம். எட்டு வயதில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம் என்று சொல்லலாம்.

நாம் ஊர் திரும்பிய சில வாரங்களில், 2020 முதல் இருந்துவந்த வாகன இறக்குமதித் தடை, 2025 பெப்ரவரி முதலாந் திகதியிலிருந்து தனியார் வாகனங்களுக்கும் நீங்கியது. பின்பு புதிய மின்சாரக் கார்கள் யாழ்ப்பாண வீதிகளிலும் தென்படலாயின. ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவன், “சேர், அதுக்குச் சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் செல்லும்?” என்று கேட்டான். மேற்சொன்ன கணக்கைக் கரும்பலகையில் எழுதிச் செய்து காட்டினோம். விடை வந்ததும் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, “அப்ப அவ்வளவு நாளும் டைனமோ சுத்தினது ஆர், சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது.

பனியையும் நீர்த்தேக்கத்தையும் சுழலியையும் படம் வரைந்து விளக்கினோம். பரீட்சைக்கு அவ்விடை போதும். மீதி விடையை இங்கே எழுதியிருக்கின்றோம்.